பாட்டும் சண்டையும் இல்லாத ரீல்

காஜாக்கா யாரிடமும் எதையும் கேட்கமாட்டாள். தையல்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. கழுத்தும் கையும் வைத்துத் தைத்த சட்டைகள் மூட்டையாக அவள் மேஜைக்கு வரும். அவள் பட்டன் நுழையத் துளை வெட்டிக் காஜா எடுப்பாள், பட்டன் கட்டுவாள், அடுத்த மேஜைக்குத் தள்ளிவிடுவாள். எந்த நூல், எத்தனை பட்டன் என்று வாயைத் திறக்கமாட்டாள். சட்டையை ஒருமுறை திருப்பிப் பார்த்தால் போதும், அதிலிருந்தே தெரிந்துகொள்வாள். முப்பத்தைந்து வருஷமாகக் காஜா மேஜையிலேயே இருந்ததால் சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் தங்கிவிட்டது.

"அக்கா தன் வாய்க்கும் ஒரு பட்டன் கட்டி வச்சிருக்கு" என்று புதிதாகச் சேரும் பெண்கள் கிண்டல் செய்வார்கள். அவள் சிரித்துக்கொள்வாள். பிறவிக் குணம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது பிறவிக் குணம் இல்லை. பதினாறு வயதில் ஒரு சினிமாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அவள் வேலைக்கு வந்த காலத்தில், புதன்கிழமை மத்தியானம் அந்தப் பக்கம் முழுக்கக் கரண்ட் இருக்காது. இரண்டு மணிக்குப் போனால் ஐந்தரைக்குத்தான் வரும். மெஷின்கள் ஓடாது. நாற்பது பெண்களை வெறும் கையோடு உட்கார வைத்தால் ஊர்க்கதை பேசுவார்கள் என்று மேனேஜருக்குப் பயம். எதிர்ச் சாரியில் இருந்த தியேட்டரில் ஜெனரேட்டர் உண்டு. அவர் தியேட்டர்காரரிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்தார். புதன்கிழமை மத்தியானக் காட்சி தையல்கூடத்துப் பெண்களுக்கு. ஐந்தேகாலுக்கு விட்டுவிட வேண்டும், ஐந்தரைக்கு மெஷினில் இருக்க வேண்டும். அதற்கு ஷிப்ட் ஷோ என்று பெயர்.

அப்படிப் பார்த்ததுதான் கப்பல் படம். படத்துக்குச் சரியான பெயர் வேறு. தையல்கூடத்தில் அது கப்பல் படம், கதாநாயகி டெலிபோன்காரி. அவள் டெலிபோன் நிலையத்தில் வேலை செய்கிறவள். கப்பலில் வேலை கிடைத்துப் போகிற ஒருவனைக் காதலிக்கிறாள். துறைமுகத்தில் வழியனுப்புகிறாள். அவன் போனவன் போனவன்தான். கடிதம் இல்லை, தகவல் இல்லை. துறைமுகத்தில் அவள் கைக்குட்டை காற்றில் பறக்கிறது. அடுத்த காட்சியில் அவள் வீட்டுக் கதவு. யாரோ தட்டுகிறார்கள். திறந்தால் அவன் நிற்கிறான், காதோரம் நரையோடு. அவள் ஒரு கேள்வி கேட்பதில்லை. ஏன் போனாய், எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய், ஒன்றும் இல்லை. கதவின் ஓரமாக ஒதுங்கி வழிவிடுகிறாள். அவ்வளவுதான், படம் முடிந்துவிடும்.

ஐந்து புதன்கிழமை அதைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலிப் பெண்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். அவள் அழமாட்டாள். டெலிபோன்காரி எந்தக் காலை முதலில் பின்னால் வைக்கிறாள், கை கதவில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். அன்பு என்றால் இதுதான் என்று அவளுக்குப் பட்டது. கேள்வி கேட்பதெல்லாம் சின்ன மனுஷிகளின் வேலை.

இருபது வயதில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மோட்டார் காயில் சுற்றும் தொழில். கெட்டுப்போன மின்விசிறி, தண்ணீர் பம்ப் எல்லாம் அவரிடம் வரும், கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றுவார். ஒவ்வொரு சுற்றாக எண்ண வேண்டும். நடுவில் யாராவது பேசினால் கணக்கு விட்டுப்போகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். பேசாத பெண் கிடைத்தது அதிர்ஷ்டம் என்று அவர் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார்.

மகளுக்கு ஒன்றரை வயதாகும்போது வெளியூரில் ஒரு பெரிய மோட்டார் பட்டறையில் வேலை என்று போனார். மூன்று வருஷத்துக்குமேல் அங்கேயே. முதல் இரண்டு வருஷம் ஒழுங்காகக் கடிதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. பதினான்கு மாதம் ஒரு வரி இல்லை. ஒருநாள் காலை பத்து மணிக்கு ஒரு பையோடு வாசலில் வந்து நின்றார். அவள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். வலது காலைப் பின்னால் வைத்தாள். இடது கையைக் கதவின் நடுச்சட்டத்தில் வைத்தாள். ஒதுங்கி வழிவிட்டாள்.

சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். "தங்கமான பொண்ணு" என்றார்கள். நாத்தனார் மட்டும் முகத்துக்கு நேராகச் சொன்னாள். "நானா இருந்தா சட்டையப் பிடிச்சிருப்பேன் அண்ணி."

சட்டையை அவளும் பிடித்தாள்தான். துவைக்கிறபோது. அவர் போட்டுவந்த வெள்ளைச் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பட்டன் வேறு கை கட்டியது. நாலு துளைப் பட்டனை அவள் எப்போதும் இரண்டு நேர்க்கோடாகக் கட்டுவாள். அது பெருக்கல் குறியாக இருந்தது. நூல் லேசான நீலம். முடிச்சுக்கு முன்னால் பட்டனின் அடியில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தது. அவசரத்தில் ஓர் ஆண்பிள்ளை கட்டினால் இப்படி இருக்காது. நேரமெடுத்துக் கட்டிய கை.

அவள் கேட்கவில்லை. சட்டை காய்ந்ததும் அந்தப் பட்டனை அறுத்துவிட்டு வெள்ளை நூலில், இரண்டு நேர்க்கோடாகக் கட்டி, மடித்து வைத்தாள். அது நடந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது.

வீடு அதன் பிறகு நன்றாகவே நடந்தது. அவர் குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். மகள் படித்து மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, தானே ஒருவரைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு மாடி வீட்டில் இருக்கிறாள். அம்மாவுக்கும் சேர்த்து அவள் கேள்வி கேட்பாள். வாசலில் செருப்பு மாறிக் கிடந்தால்கூட ஏன் என்று கேட்கிற ஜாதி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த மகள்தான் போன் செய்தாள்.

"அம்மா, உன் கப்பல் படம் டிவியில கிடைக்குது. முழுப் படம். வர்றியா?"

காஜாக்கா போனாள். மருமகன் வேலைக்குப் போயிருந்தார். மகள் ஜன்னல் திரையை மூடிவிட்டுத் தரையில் தலையணை போட்டாள்.

முப்பத்தைந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது தையல்தான். கப்பல்காரனின் கோட்டில் பட்டன்கள் ஒப்புக்கு ஒட்டியவை, எதிரில் காஜாவே கிடையாது. கோட்டைக் கழற்ற வேண்டிய காட்சியில் அவன் தலை வழியாக உருவினான். டெலிபோன் நிலையத்தில் பெட்டிக்குப் பின்னால் ஒரு கம்பிகூட இல்லை. அவள் யாரோடு பேசிக்கொண்டிருந்தாளோ.

"மூணு நாளா அவ பின்னாடியே வர்றானே, இவனா ஹீரோ?" என்றாள் மகள்.

"அப்போ அப்படித்தான்."

"அப்போவும் போலீஸ் இருந்துச்சுல்ல?"

மகள் சொன்னது சரி என்று காஜாக்காவுக்குப் பட்டது. பதினாறு வயதில் அவன் பின்னால் வருவது தனக்காகவே என்பது போல் இருந்தது. இப்போது அவள் கண் டெலிபோன்காரியின் அம்மா மேலேயே இருந்தது. முன்பு அப்படி ஓர் ஆள் படத்தில் இருந்ததே நினைவில்லை. அந்த அம்மா ஒவ்வொரு காட்சியிலும் எதையாவது துடைத்துக்கொண்டே இருந்தாள்.

துறைமுகம் வந்தது. கைக்குட்டை பறந்தது. காஜாக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இப்ப பாரு. அடுத்தது கதவு."

கதவு வரவில்லை. கதவு வரவேண்டிய இடத்தில் ஒரு மேஜை வந்தது.

அவள் பார்த்தே இராத ஓர் அறை. துறைமுகத்துப் பக்கம் ஏதோ ஒரு விடுதி அறை. மேஜைக்கு ஒரு பக்கம் கப்பல்காரன். இன்னொரு பக்கம் பயண அழுக்கு படிந்த முகத்தோடு டெலிபோன்காரி. அவனைத் தேடிக் கண்டுபிடித்து வந்திருக்கிறாள். வந்ததும் கேட்க ஆரம்பித்தாள். கப்பல் எப்போது திரும்பியது. ஏன் எழுதவில்லை. அவன் முகவரி தொலைந்துவிட்டது என்றான். அவள் மறுபடியும் கேட்டாள், ஏன் எழுதவில்லை. அவன் வெட்கமாக இருந்தது என்றான். அவள் மூன்றாம் முறையும் அதையே கேட்டாள். "யோசிச்சுச் சொல்லு. எனக்கு அவசரம் இல்லை. என் வண்டி நாளைக்குத்தான்" என்றாள்.

பாட்டு இல்லை, பின்னணியில் ஒரு வயலின்கூட இல்லை. இரண்டு பேர் ஒரு மேஜையில் பதினோரு நிமிஷம் பேசினார்கள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். வேறொரு பெண் இருந்ததையும் சொன்னான். டெலிபோன்காரி அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டாள், வயதைக் கேட்டாள். பிறகு எழுந்தாள். "எனக்குக் கேக்க வேண்டியது முடிஞ்சுது. வர்றதுன்னா வா. வாசல்ல வச்சு எதுவும் கேக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகுதான் கதவு. அதற்குப் பிறகுதான் டெலிபோன்காரி வலது காலைப் பின்னால் வைத்து ஒதுங்கினாள்.

"நல்ல படம்தான்மா, அந்தப் பேச்சு மட்டும்" என்றாள் மகள். திரும்பிப் பார்த்தாள். "என்னம்மா?"

"இது இல்ல."

"எது இல்ல?"

"இந்த மேஜை. இது படத்துல கிடையாது."

"நீ மறந்திருப்ப."

"அஞ்சு தடவை பார்த்திருக்கேன்" என்றாள் காஜாக்கா.

மறுநாள் வேலை விட்டதும் பஸ் நிலையத்து வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனாள். அங்கே டிக்கெட் அக்கா இருக்கிறாள். அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்தவள். தியேட்டர் குளியலறை ஓடு விற்கும் கடையாக மாறிய பிறகு, இங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வண்டிக்காரர்களுக்குச் சீட்டுக் கிழிக்கிறாள். வேலை மாறவில்லை, வாசல்தான் மாறியது.

காஜாக்கா பக்கத்தில் நின்றாள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. பழக்கம் இல்லாத வேலை.

"என்ன காஜா, வண்டியா வாங்கிட்ட?"

"இல்லக்கா. கப்பல் படம் ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? நாலு மாசம் ஓடுச்சு. அந்தக் கைக்குட்டையப் பார்த்துப் பார்த்து எனக்குச் சளியே பிடிச்சுது."

"அதுல ரெண்டு பேர் மேஜையில உக்காந்து பேசுவாங்களா?"

டிக்கெட் அக்கா சீட்டைக் கிழித்து ஒருவனிடம் கொடுத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"உங்களுக்கு அத ஓட்டினதே இல்லையே. ஷிப்ட் ஷோவுக்கு அந்த ரீல் கிடையாது."

"ஏங்க்கா?"

"அஞ்சேகாலுக்கு விடணும்னு உங்க மேனேஜர் வாட்சைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிப்பான். படமோ நீளம். எதையாவது எடுக்கணும். பாட்டை எடுத்தா நீங்க நாற்காலியக் கிழிப்பீங்க. சண்டைய எடுத்தா ஆபரேட்டருக்கே மனசு வராது. பாட்டும் சண்டையும் இல்லாத ரீல் அது ஒண்ணுதான். சும்மா உக்காந்து பேசிக்கிட்டே இருப்பாங்க. அது போனா யாருக்குத் தெரியப் போகுதுன்னு ஆபரேட்டர் அத டப்பாவுலயே வச்சிட்டான்."

"யாரும் கேக்கலையா?"

"யாரு கேப்பா? சாயங்காலக் காட்சிக்கு வர்றவங்க அந்த இடத்துலதான் வெளிய போய் முறுக்குத் தின்னுட்டு வருவாங்க. ஏன், இப்ப என்ன அதுக்கு?"

"ஒண்ணும் இல்லக்கா" என்றாள் காஜாக்கா. நன்றி சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

அவளுக்குக் கோபம் வந்ததா என்றால், வரவில்லை. தையலில் இப்படி நடப்பது உண்டு. மாதிரிச் சட்டையில் ஒரு மடிப்பு விட்டுப்போயிருக்கும், அதைப் பார்த்து நானூறு சட்டை தைத்து முடித்திருப்பார்கள். யாரையும் திட்டிப் பயனில்லை. நானூறையும் பிரிக்கலாமா, அப்படியே அனுப்பலாமா என்பதுதான் அப்போது கேள்வி. அவளுடையது ஒரே சட்டை. ஆனால் இருபத்தைந்து வருஷம் போட்டுப் பழகிய சட்டை. பிரித்தால் துணி தாங்குமா என்று தெரியாது.

பத்து நாள் யோசித்தாள். வாரவிடுமுறை அன்று மத்தியானம் அவர் வீட்டு மேஜையில் ஒரு மின்விசிறிக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். மேஜை முழுக்கச் செம்புக் கம்பி, வார்னிஷ் டப்பா, காகிதத் துண்டுகள். உதடு மட்டும் அசைந்தது. நூற்றெண்பதைத் தாண்டியிருந்தார். அவள் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் அவள் அங்கே உட்காருவது வழக்கமில்லை.

"அந்த வெள்ளைச் சட்டையில பட்டன் யாரு கட்டினது?"

கம்பி நின்றது. எந்த வெள்ளைச் சட்டை என்று அவர் கேட்கவில்லை.

"கணக்கு போச்சு" என்றார்.

"போகட்டும்."

அவர் கம்பியின் நுனியை ஓர் ஆணியில் சுற்றி வைத்தார். விரலைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"கேப்பேன்னு ரெண்டு வருஷம் பதிலைத் தயாரா வச்சிருந்தேன். அப்புறம் மறந்துட்டேன்."

"ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. எனக்கு அவசரம் இல்ல."

சொன்னார். பட்டறையை மூடிவிட்டார்கள். வேலை இல்லாமல் எழுத வெட்கமாக இருந்தது. சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஒருத்தியின் வீட்டுப் பின்கட்டில் தங்கினார். அவளுடைய கிரைண்டரைச் சரிசெய்து கொடுத்தார்.

"கிரைண்டர் சரிசெஞ்சா பட்டன் கட்டுவாங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நாலு மாசம்" என்றார்.

"வயசு?"

"என்னைவிட மூணு வயசு பெரியவ. புருஷன் செத்துட்டான்."

"நீங்களா வந்தீங்களா, அவங்க போகச் சொன்னாங்களா?"

அதற்குத்தான் அதிக நேரம் ஆனது. "அவ சொன்னா" என்றார் கடைசியில். "வீட்டுக்குப் போன்னு அவதான் பஸ் ஏத்திவிட்டா."

காஜாக்கா அதைத் துணி மாதிரி திருப்பிப் பார்த்தாள். அந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை.

"வேற சட்டையே இல்லையா? அதையே போட்டுட்டு வந்திருக்கீங்க."

"மூணு சட்டைதான் இருந்துச்சு. மத்த ரெண்டும் அழுக்கு."

சிரிப்பு வருகிற இடம்தான். அவள் சிரிக்கவில்லை.

"நீ பட்டனை மாத்திக் கட்டி வச்சிருந்ததப் பார்த்தேன்" என்றார் அவர். "தெரிஞ்சுபோச்சுன்னு அன்னிக்கே தெரியும். கேக்கலையே, நான் எப்படி இருந்தா இவளுக்கு என்னன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவள் எழுந்து உள்ளே போனாள். நாலு புடவை, கண்ணாடி, மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்துக்கொண்டு வந்தாள். "பொண்ணு வீட்டுல இருக்கேன்" என்றாள். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மகள் கதவைத் திறந்து பையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். காஜாக்காவே கேட்டாள். "ஏன்னு கேக்கமாட்டியா?"

"கேட்டா சொல்லுவியா?"

"சொல்லமாட்டேன்."

"அதான் கேக்கல. சாப்பிட வா."

ஒன்பது நாள் இருந்தாள். அங்கிருந்தே வேலைக்குப் போனாள். தையல்கூடத்தில் ஒருநாள் மூட்டையைப் பிரித்தவள், "இதுக்கு நூல் என்ன கலர் சொன்னாங்க?" என்று கேட்டாள். சூப்பர்வைசர் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். பஸ் ஏற்றிவிட்ட அந்தப் பெண்ணைப் பற்றித்தான் அவளுக்கு அடிக்கடி யோசனை வந்தது. பட்டனின் அடியில் மூன்று சுற்றுச் சுற்றத் தெரிந்தவள். போகச் சொல்லவும் தெரிந்திருக்கிறது.

பத்தாம் நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். சாவி பையில்தான் இருந்தது. தட்ட வேண்டும் என்று தோன்றியது.

அவர் திறந்தார். சவரம் செய்யாத முகம். அவளைப் பார்த்தார், கையிலிருந்த பையைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் கதவின் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.

காஜாக்கா உள்ளே வரவில்லை. இந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்பது இப்போதுதான் தெரிந்தது.

"ஏதாவது கேளுங்க" என்றாள்.

"சாப்பிட்டியா?"

"அது கேள்வியில சேராது."

அவர் கதவைப் பிடித்தபடியே யோசித்தார். சுற்று எண்ணும்போது அசைகிற மாதிரி உதடு அசைந்தது.

"இருக்க வந்தியா," என்றார், "இல்ல, மிச்சத் துணி எடுக்க வந்தியா?"

"எனக்கே இன்னும் சரியாத் தெரியல" என்றாள் அவள். "உக்காந்து பேசணும்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். மேஜையில் அதே மின்விசிறி அப்படியே கிடந்தது. ஆணியில் சுற்றி வைத்த கம்பி நுனியும் அப்படியே இருந்தது. ஒன்பது நாளும் அவர் அதைத் தொடவில்லை.

"மொதல்ல இத எல்லாம் எடுங்க" என்றாள். "மேஜை வேணும்."

அவர் கம்பியை ஆணியிலிருந்து கழற்றினார். வார்னிஷ் டப்பாவையும் காகிதங்களையும் ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கி வைத்தார். அவள் தன் நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள்.